தாண்டிக்குடிக்குச் சருகு பார்க்கப் போன பயணம்

தயவுசெய்து இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். வார்டனுக்கு வேண்டாம், டீச்சருக்கு வேண்டாம், சங்கத்து சாருக்குக் கண்டிப்பாக வேண்டாம். படித்து முடித்ததும் உங்களுக்கு அடுத்து ஜீப்பில் ஏறப்போகும் பெண்ணிடம் மட்டும் கொடுங்கள். இதில் எழுதியிருப்பதை நாங்களே எங்கள் வாயால் சொல்வதற்கு முன்னால் வேறு யாராவது போய்ச் சொல்லிவிட்டால், எங்கள் குடியிருப்பில் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு மாதாமாதம் வரும் பணம் நின்றுபோகும். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன். எழுத்து நடுங்கியிருந்தால் குளிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதி குளிர்தான்.

நான் பத்தாம் வகுப்பு. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அரையாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். வீடு பூண்டிக்கு மேலே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். எழுபத்து மூன்றில் நாங்கள் வந்தபோது எனக்கு நான்கு வயது. இங்கே குடும்பத்துக்கு ஒரு வீடு தனித்தனியாக இருந்தாலும், அங்கே சொன்ன மாதிரியே குடியிருப்பை 'லயம்' என்றுதான் இன்னும் சொல்கிறோம்.

லயத்துக்குப் பின்னால் ஒரு சோலை இருக்கிறது. அதில் பிறக்கும் ஓடைதான் கீழே பூண்டிக்காரர்களின் வெள்ளைப்பூண்டு வயல்களுக்குத் தண்ணீர். முன்பு எங்கள் அம்மாக்கள் அந்தச் சோலையில் விறகு வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் டீக்கடைகளில் விற்றார்கள். ஒரு சுமை ஆறு ரூபாய். போன வருஷம் டவுனிலிருந்து ஒரு தொண்டு சங்கம் வந்தது. பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றார்கள். விறகு வெட்டுவதை நிறுத்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் அறுபது ரூபாய், அதுவும் வீட்டுப் பெண் கையில். லயத்தில் அதற்குச் 'சோலைக்காசு' என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் காசில்தான் நான் விடுதியில் சாப்பிடுகிறேன். அம்மாவின் உச்சந்தலையில் சுமை அழுத்தி வழுக்கையாகப் போயிருந்த இடத்தில் இந்த வருஷம்தான் முடி முளைத்திருக்கிறது.

சோலைக்காசு வாங்கும் ஊர்களிலிருந்து இரண்டிரண்டு பேரை வேறு ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது சங்கத்தின் வழக்கம். எங்கள் லயத்திலிருந்து அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள், ஜீப்பில் வாந்தி எடுக்காதவள் என்பதற்காக. என்னைச் சேர்த்தது எழுதப் படிக்கத் தெரியும் என்பதற்காக. நான் வாந்தி எடுப்பேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், புதன்கிழமை கிளம்பி வியாழக்கிழமை திரும்பினோம். உங்கள் பள்ளங்கியிலிருந்து ஜீப் இந்த வெள்ளிக்கிழமை கிளம்புகிறது என்று கேள்விப்பட்டேன். உங்களுக்குச் சோலைக்காசு தொடங்கியே ஒரு மாதம்தான் ஆகிறது. அதனால்தான் இதை இன்றைக்கே முடிக்கிறேன். அப்பா பள்ளங்கியில் காரட் தோட்டத்தில் வேலை செய்கிறார். காலை பஸ்ஸில் போகும்போது மடித்துக் கொடுத்தால் பிரித்துப் பார்க்காமல் அங்கே என் வகுப்புத் தோழியிடம் சேர்த்துவிடுவார், அவள் உங்களிடம் தருவாள்.

இனி பயணம். காலை ஐந்தரைக்கு ரோட்டில் நிற்கச் சொன்னார்கள். புல்லெல்லாம் உறைபனி, உப்பைத் தூவின மாதிரி. ஜீப் ஆறே காலுக்கு வந்தது. டிரைவர் மைதீன் அண்ணன், மதுரைப் பக்கத்துக்காரர். முன் சீட்டில் சங்கத்து சேகர் சார், குரங்குக் குல்லாய்க்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளனே வாங்கன்னா ஒரு பொழுதும் வெள்ளனே வர மாட்டாக. இந்தத் தாயும் மகளும்தான் எனக்கு முன்னாடி வந்து நிக்கிறாக" என்றார் மைதீன் அண்ணன்.

"தோட்டத்துல அஞ்சு மணிக்குப் பெரட்டுங்க. பழகிருச்சு" என்றாள் அம்மா. பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். பாதி நாள் என்றால் அரைப் பேர். கூலியைக்கூட அங்கே 'எத்தனை பேர் விழுந்தது' என்றுதான் கேட்பார்களாம்.

பூண்டியிலிருந்து கொடைக்கானல் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் நாலரை ரூபாய். மன்னவனூர் தாண்டும்வரை ரோடு மோசம், பூம்பாறைக்கு மேல் பரவாயில்லை. பின் சீட்டு பக்கவாட்டில் இருக்கும். கதவுப் பக்கம் உட்காராதீர்கள், டீசல் புகை நேராக உள்ளே வருகிறது. டிரைவருக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் குலுக்கல் குறைவு. நான் இதைத் தெரிந்துகொண்டது மூன்றாவது வாந்திக்குப் பிறகு.

பூம்பாறையில் நிறுத்தி டீ குடித்தோம். டீ நாற்பது காசு, வர்க்கி பத்துக் காசு. அங்கேதான் அம்மா எங்கள் சோலையைப் பற்றிப் பெருமை பேசினாள். இதைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

சோலைக்காசு முதல் மாதம் கையில் வந்தபோது லயத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. வேலை செய்யாமல் காசு எப்படி வரும்? எங்கள் ஆட்களுக்கு அது புரியவே இல்லை. சும்மா வந்த காசை யார் வேண்டுமானாலும் சும்மா நிறுத்திவிடலாம் என்று பயந்தார்கள். அங்கே தோட்டத்தில் கங்காணியாக இருந்த ஒருவர் இங்கேயும் பெரியவராக இருக்கிறார். கங்காணி மாமா என்போம். அவர்தான் சொன்னார்: "காசு வாங்குற கைக்கு வேலை காட்டணும். நாளைக்குத் தொரை வந்து பாத்தா என்னா செஞ்சீங்கன்னு கேப்பான்ல?" மறுநாளே பெரட்டு தொடங்கியது. காலை ஏழு மணிக்குப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், மாமா பேர் கூப்பிடுவார், எல்லோரும் சோலைக்குள் போவார்கள். தேயிலைக்குக் கீழே களை எடுப்பது போல, சோலை மரங்களுக்குக் கீழே ஒரு புல் இல்லாமல், ஒரு செடி இல்லாமல் பிடுங்கி, சருகைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினார்கள். விறகு ஒரு குச்சி வெட்டவில்லை. அதில் சத்தியமாக இருந்தார்கள். ஒரு வருஷத்தில் பாதிச் சோலை, உட்கார்ந்து சோறு தின்னலாம் போல ஆகிவிட்டது. போன விடுமுறையில் நானும்தான் கூட்டினேன்.

சேகர் சார் மாதம் ஒருமுறை வருவார். சோலை ஓரமாக நடந்து புதிதாக வெட்டின அடிக்கட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது. அட்டைக்குப் பயந்து உள்ளே நுழைய மாட்டார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

"எங்க சோலையில இப்ப அட்டையே இல்லீங்க. அவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்" என்றாள் அம்மா பூம்பாறை டீக்கடையில்.

சேகர் சார் குல்லாயைக் கொஞ்சம் தூக்கி, "வெரி குட், வெரி குட். அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்றார்.

மைதீன் அண்ணன் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "சோலையில என்னத்தா சுத்தம் பண்ணுறது? அது என்ன பள்ளிவாசலா?" என்றார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒன்பது மணிக்குக் கொடைக்கானல். மூஞ்சிக்கல்லில் டீசல் போட்டார்கள். இட்லி சாப்பிட வேண்டுமானால் அங்கேயே சாப்பிடுங்கள். முப்பது காசுக்கு ஒரு இட்லி, சாம்பார் கேட்டால் திரும்ப ஊற்றுவார்கள். பெருமாள்மலையில் இடது பக்கம் திரும்பினால் பண்ணைக்காடு ரோடு. திரும்பின உடனே குளிர் குறைய ஆரம்பிக்கும். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். ரோட்டோரம் மலை வாழைப்பழம் தொங்கும், ஒரு பழம் இருபத்தைந்து காசு. வாங்கித் தின்னுங்கள், வயிறு நிற்கும். பண்ணைக்காட்டுக்கு அப்புறம் இரண்டு பக்கமும் சவ்சவ் பந்தல்களும் காப்பித் தோட்டங்களும். இது காப்பிப் பழம் பறிக்கும் மாதம். பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நெழல் மரத்த வெட்டாம வச்சிருக்கான் பாரு" என்றாள். தேயிலையில் அவ்வளவு நிழல் விட மாட்டார்களாம்.

பன்னிரண்டரைக்குத் தாண்டிக்குடி. சாப்பாடு நாலு ரூபாய். அரிசி கொஞ்சம் தடிப்பு, ரசம் நன்றாக இருந்தது. அங்கிருந்து ஜீப் ஒரு செங்குத்தான இறக்கத்தில் போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். "இதுக்கு மேல வண்டி போகாது, நான் போனாலும் அது வராது" என்றார் மைதீன் அண்ணன். பிறகு ஒரு மணி நேரம் நடை. இறங்கும்போது முழங்கால் வலிக்கும், ஏறும்போது நெஞ்சு அடைக்கும்.

கீழே பளியர்களின் குடி. பதினைந்து இருபது வீடு இருக்கும். அவர்கள் காட்டில் கடுக்காய், தேன், சீயக்காய் எடுத்து விற்பவர்கள். முன்பு வியாபாரி வந்து அவசரப்படுத்துவான், இவர்கள் கிளையோடு வெட்டிச் சாய்த்துக் காயைப் பறிப்பார்கள். இப்போது சங்கம் நேராக வாங்குகிறது. பழுத்துத் தானாக விழுந்த கடுக்காய்க்குப் படிக்கு இவ்வளவு, பச்சைக் காம்போடு இருந்தால் அதில் பாதி. அவ்வளவுதான் சட்டம். கிளை வெட்டுவது நின்றுவிட்டது என்றார் சேகர் சார். யாரும் காவல் காக்கவில்லை, யாரும் பெரட்டு எடுக்கவில்லை. விலை மட்டும்தான் மாறியது.

எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனவள் வீரம்மா. அம்மா வயதுதான் இருக்கும். வாய் ஓயாது. சேகர் சார் மேலேயே ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து காலில் உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார். காட்டுக்குள் கால் வைத்ததும் கணுக்கால்வரை சருகு. மெத்தை மாதிரி அமுங்கியது. அடியில் ஈரம். அதற்குள் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்னச் செடிகள்.

நானும் வீரம்மாவும் கடுக்காய் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பினால் அம்மா குனிந்து நிற்கிறாள். இரண்டு கையாலும் செடிகளைப் பிடுங்கி, வேரில் மண்ணைத் தட்டி, ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முழ நீளத்துக்குச் சுத்தமாகியிருந்தது. அவளுக்கே தெரியாமல் செய்கிறாள் என்று நினைக்கிறேன். பேசிக்கொண்டே வெற்றிலை மடிப்பார்களே, அதைப் போல.

"ஏ அக்கா! ஏ! என்ன சோலி பாக்குற அங்க?" என்று வீரம்மா கத்தினாள்.

அம்மா நிமிர்ந்தாள். "களை கெடந்துச்சுங்க, அதான்."

"களையா? நாவக் கன்னு அது! மரம் அது! பத்து வருசம் கழிச்சு எம் புள்ள இதுல ஏறி பழம் உலுக்கும். நீ வந்து அஞ்சு நிமிசத்துல பொசுக்குனு புடுங்கி அடுக்கிட்ட."

அம்மா கையில் இருந்ததைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பளபளவென்று இரண்டு இலை, அடியில் சிவந்த தண்டு. எங்களுக்குத் தெரிந்த செடி. எங்கள் சோலையிலும் அதேதான் முளைக்கும். காலையில் பெரட்டு முடிந்து போனால் முதல் வரிசையில் அதுதான் கைக்கு வரும். சுலபமாக வந்துவிடும், வேர் ஆழம் இருக்காது.

"எங்க ஊர்லயும் இது மொளைக்குதுங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"மொளைக்கத்தான் செய்யும். அப்ப என்ன பண்ணுவீக?"

வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பெரட்டு முதல் சருகைக் கூட்டி அள்ளிக் கொட்டுவது வரை. அவள் முதலில் நம்பவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"காட்டுக்குச் சவரம் பண்ணி விட்டீகளா! ஆத்தீ! இனி பவுடரும் பூசி விடுங்க!"

"மெதுவா பேசுங்க, சார் காதுல விழுந்துரும்" என்றாள் அம்மா. குரலைக் கேட்டதும் வீரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அம்மா உட்கார்ந்து, பிடுங்கினதை ஒவ்வொன்றாகத் திரும்பக் குழி தோண்டி வைத்தாள். வீரம்மாவும் உட்கார்ந்து உதவினாள். "பாதி பொழைக்கும். சருகப் போட்டு மூடு, வெயில் படாம" என்றாள். பிறகு, "காசு குடுத்தவன் இது கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையாக்கும்?" என்று கேட்டாள்.

சொல்லவில்லைதான். சங்கத்தைக் குறை சொல்லவும் முடியவில்லை. சோலையைக் கூட்டிப் பெருக்குவார்கள் என்று யார் நினைத்திருப்பார்கள்?

ராத்திரி குடியில் சங்கத்தின் சாமான் அறையில் படுத்தோம். உங்களுக்கும் அங்கேதான் இடம் கொடுப்பார்கள். கடுக்காய் மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வேண்டும், துவர்ப்பு வாசனை. எலி உண்டு, போர்வை இல்லை. கம்பளி எடுத்துப் போங்கள். வீரம்மா வீட்டில் கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். அம்மா சாப்பிடவில்லை.

வியாழன் காலை எட்டுக்கு ஏறத் தொடங்கி ஒன்பதரைக்கு ஜீப்பை அடைந்தோம். திரும்பும் வழி முழுக்க மூடுபனி. பெருமாள்மலைக்கு மேல் மைதீன் அண்ணன் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார். "என்னத்தா, போகும்போது சோலையப் பத்தி அம்புட்டுப் பேசுனீக, இப்ப வாயத் தெறக்கல?" என்றார். அம்மா தலைவலி என்றாள். மூன்று மணிக்குப் பூண்டியில் இறங்கினோம். இறங்கும்போதுதான் சேகர் சார் சொன்னார்: பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள், உங்கள் சோலையை உள்ளே போய்ப் பார்ப்பார்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷத்துக்கு முடிவு. "உங்க வில்லேஜ்தான் எங்களுக்கு மாடல். டோன்ட் வொரி."

மேலே ஏறும் வழியில் ஓடையைத் தாண்ட வேண்டும். இரண்டு நாள் முன்பு சின்ன மழை பெய்திருந்தது. தண்ணீர் மண் கரைந்து, பால் விட்ட டீ மாதிரி ஓடியது. ஐப்பசி மழையிலும் அப்படித்தான் ஓடியது, நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அம்மா ஓடை நடுவில் கல்லின் மேல் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அம்மா எல்லாப் பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னாள். கங்காணி மாமாவும் வந்திருந்தார். தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாருகிட்ட நாமளே சொல்லிருவோம்" என்றாள் அம்மா. "நாம சொன்னா ரெண்டு நாப் பேர் வெட்டுவான். அவனா கண்டுபுடிச்சா செக்ரோலையே கிழிச்சுருவான்." செக்ரோல் என்பது தோட்டத்தில் கூலிப்பேர் பதியும் புத்தகம். அதில் பேர் இல்லை என்றால் அந்த ஆளே இல்லை.

"இந்தா ராமாயி, வாயத் தொறக்காத" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காசு நின்னா என்னா ஆகும்? மறுநாளே எல்லாரும் அரிவாள எடுப்பாங்க. எடுக்காம புள்ள குட்டிக்கு என்னத்தப் போடுறது? அப்ப செடி மட்டுமில்ல, மரமும் போயிரும். நீ உண்மையச் சொல்லி சோலையக் காப்பாத்துவியா, அழிப்பியா?"

நீங்கள் யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னது முழுக்கத் தப்பு என்று என்னால் இப்போதும் எழுத முடியவில்லை.

மாமாவின் யோசனை, சருகைத் திரும்பக் கொண்டுவந்து பரப்பிவிடலாம் என்பது. கூட்டிக் கொட்டின பழைய சருகு மழையில் மக்கிப் போய்விட்டது. அதனால் பக்கத்தில் இருக்கும் தைலமரத் தோப்பிலிருந்து சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு வந்தார்கள். நெல் காயப்போடுவதுபோல் சோலைக்குள் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பினார்கள். இன்றைக்கு மத்தியானம்தான் முடிந்தது. நான் போய்ப் பார்த்தேன். சோலை மரத்து இலை சின்னது, கருப்பாக மடங்கிக் கிடக்கும். தைல இலை அரிவாள் மாதிரி நீளம், வெளிறின சிவப்பு. அதைவிட, உள்ளே நுழைந்ததும் மூக்கடைப்புக்குத் தேய்க்கும் தைல வாசனை. கண் தெரியாதவர்கூடக் கண்டுபிடிப்பார். நான் அதைச் சொன்னேன். "சளி புடிச்ச தொரைக்கு நல்லதுதான்" என்று ஒரு அக்கா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் வேலையை நிறுத்தவில்லை.

சாயங்காலம் அடுப்படியில் அம்மா என்னிடம் சொன்னாள். நாளைக்கு எட்டு மணிக்கு அந்த வெளிநாட்டுக்காரர்களோடு ஜீப் வரும். அவள் முன்னால் போய் நிற்பாள். ஆனால் கால்சட்டை போட்டவர்களைப் பார்த்தால் அவளுக்கு இன்றைக்கும் நாக்கு எழாது. அதனால் பேச வேண்டியது நான். மாமா இதற்குப் பிறகு எங்களை லயத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் கூப்பிட மாட்டார். இருபத்திரண்டு வீட்டு அடுப்பும் என் வாயில் இருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அங்கே போய் வந்ததிலிருந்து நான் யோசித்தது ஒன்றுதான். ஏழைகளுக்குக் காசு கொடுத்துக் காட்டைக் காப்பாற்ற முடியுமா என்று விடுதியில் டீச்சர் கட்டுரை எழுதச் சொன்னால் முடியும் என்றே எழுதுவேன். வீரம்மாவின் ஊரில் முடிந்திருக்கிறது. அவள் கையில் ஒரு கடுக்காய் இருக்கிறது. அது விழுந்ததா பறித்ததா என்று இரண்டு பேரும் பார்த்து, பேசி, சண்டை போட்டு விலை வைக்க முடியும். எங்களுக்குக் கொடுத்தது ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குக் காசு. ஒன்றும் செய்யாமல் இருப்பதை எங்கள் ஆட்களால் கையில் எடுத்துக் காட்ட முடியாது. காட்ட முடியாத கூலி நாளைக்குப் போய்விடும் என்று பயந்து, தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள். பயம்தான் சோலையைக் கூட்டியது, பேராசை இல்லை. நாளைக்கு இதைச் சொல்ல இடம் கிடைத்தால், பெண்களுக்கு வேலையாகவே கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன். ஓரத்தில் தீ வராமல் புல் வெட்டுவது, ஆட்டை மறிப்பது, பிடுங்கின இடத்தில் திரும்பக் கன்று வைப்பது. பெரட்டு எடுக்கட்டும், பேர் கூப்பிடட்டும். எங்களுக்கு அது வேண்டும்.

வெள்ளிக்கிழமை போகும் உங்களுக்குச் சில விஷயங்கள். செருப்பு போதாது, கான்வாஸ் ஷூ யாரிடமாவது இரவல் வாங்குங்கள். அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து தண்ணீரில் நனைத்துக் காலில் தேய்த்தால் போதும், புகையிலை வேண்டாம், தலை சுற்றும். எலுமிச்சம்பழம் இரண்டு. கையில் ஆளுக்குப் பதினைந்து ரூபாய் இருந்தால் தாராளம். ஜீப்புக்குக் கொடுக்க வேண்டாம். வீரம்மா வீட்டுக்கு ஒரு தீப்பெட்டிக் கட்டும் கொஞ்சம் கருப்பட்டியும் கொண்டுபோங்கள், காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். சேகர் சார் மேலேயே உட்கார்ந்துவிடுவார். அவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே காட்டுக்குள் போங்கள். அண்ணாந்து மரத்தைப் பார்க்காதீர்கள், குனிந்து தரையைப் பாருங்கள். திரும்பி வந்ததும் உங்கள் ஊர்ப் பெண்களிடம் முதலில் கேட்க வேண்டியது, சோலைக்குள் போய் என்ன செய்கிறீர்கள் என்று. செய்கிறோம் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு மாதம்தான் ஆகியிருக்கிறது, செடிகள் இன்னும்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்துவிட்டாள். மாமாவாக இருக்குமோ என்று விளக்கை மறைத்தேன். மாமா குரல் இல்லை. பெண்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் ஏழெட்டுப் பேர், தலையில் முக்காடு, எல்லார் கையிலும் காலிச் சாக்கு. "அக்கா, விடியுறதுக்குள்ள அந்தத் தைலச் சருக அள்ளிருவோம். வெறுந்தரையாவே பாக்கட்டும். ஒங்க வெளக்கக் கொண்டு வெரசா வாங்க" என்கிறார்கள். வீட்டில் இருப்பது இந்த ஒரு விளக்குதான். அம்மா கையை நீட்டுகி